அளவுப் பொட்டி

ஆரோன் அன்னைக்கு மூணாவது பஸ்ஸையும் விட்டுட்டான். காந்திபுரத்துல ஏறுற கூட்டம் இடிக்குது, அவன் நெஞ்சோட ஒரு தகரப் பொட்டியை அணைச்சுக்கிட்டு நிக்கான். கம்பி போட்டுக் கட்டி, முடிச்சுல அரக்கு வெச்ச பொட்டி. கீழ வைக்கக்கூடாது, சாய்க்கக்கூடாதுன்னு முதலாளி திருமூர்த்தி சொல்லியனுப்பியிருந்தாரு.

"பம்புக்கெல்லாம் இதுதானுங்க தம்பி தாய் அளவு. இது ஒரு நூல் அசைஞ்சாலும் நம்ம மோட்டாரு ஒண்ணும் தண்ணி எடுக்காது. மடியிலயே வெச்சுட்டுப் போங்க."

ஆரோன் தூத்துக்குடிப் பக்கம். பாலிடெக்னிக்குல படிக்கான். தொண்ணூத்தாறு கோடை லீவுல ஆறு வாரம் ட்ரெயினிங்குக்குக் கோயமுத்தூருக் கணபதியில இருக்கிற இந்தப் பம்புப் பட்டறைக்கு வந்திருந்தான். முதலாளி கையெழுத்துப் போட்ட சர்ட்டிபிகேட் இல்லேன்னா கடைசி வருசம் உள்ள விடமாட்டாங்க.

வந்த அன்னைக்கே பஸ் மாறி ஏறி உக்கடத்துல எறங்கி, ரெண்டு மணி நேரம் பெஞ்சுல உக்காந்திருந்தவன் அவன். அதோட சரி. பட்டறை, மாடி ரூமு, ரெண்டுதான் கோயமுத்தூருன்னு முடிவு பண்ணிட்டான். அம்மாவுக்கும் அப்படியே எழுதினான். நான் கேட்டைத் தாண்டுறதே இல்லம்மா, நீங்க பயப்படாதீங்க.

அதுக்கடுத்த வாரம்தான் இந்தப் பொட்டி வந்துச்சு.

மொத நாள் பேரூர். அங்க லேத் வெச்சிருந்த சென்னியம்மாள் பொட்டியை ரெண்டு கையாலயும் வாங்கி உள்ள கொண்டுபோனாங்க. அளவெடுக்க அரை மணி நேரமாகும், அதுவரைக்கும் கோயில்ல கல்லுல செஞ்ச சங்கிலி தொங்குது, பாத்துப்போட்டு வாங்கன்னாங்க. நான் சர்ச்சுக்குப் போறவன்னு ஆரோன் தயங்கினான். சங்கிலி அதையெல்லாம் கேக்காதுன்னாங்க.

திரும்பி வர்றப்போ பஸ் மாறிப்போச்சு. பட்டறைக்கு வந்து, எனக்கு வழி புடிபடல சார்னு கெஞ்சினான்.

"ஒருக்காப் போனா எப்படிங்க புடிபடும்? இன்னும் நாலு தடவை போங்க" என்றார் திருமூர்த்தி.

பஸ்ஸுல போனா வயித்தைப் பெரட்டுதுன்னு சொல்லிப் பாத்தான். சைக்கிள் கிடைச்சுது. பொட்டியைக் கேரியர்ல கட்டி, பீளமேட்டுச் சந்துபொந்தெல்லாம் மிதிச்சான். அங்க சென்னகேசவன்னு ஒருத்தர் வாங்கி வெச்சுட்டு, இந்த நேரத்துக்கு முக்குல பன்னு சூடா வரும், தின்னுட்டு வாங்கன்னு அனுப்பிட்டார்.

வழி தப்பக்கூடாதுன்னு ஒரு நோட்டுல பஸ் நம்பர், எறங்குற இடம் எல்லாம் எழுதி வெச்சான். முதலாளி அதைப் பொரட்டிப் பாத்து, இவ்வளவு தெரிஞ்சவரை விட்டுட்டு நான் வேற யாரை அனுப்புறதுன்னு மருதமலை அடிவாரத்தையும் கிணத்துக்கடவையும் சேத்துப்போட்டாரு.

டீ போட்டுக் கொடுக்கிற ராசாத்தாள் அக்காதான் தெனமும் கம்பியை முறுக்கிக் கட்டித் தருவாங்க. ஒரு நாளும் சிரிச்சதில்ல. அதனாலயே ஆரோனுக்கு பொட்டி மேல மரியாதை கூடிப்போச்சு. அம்மாவுக்கு இதுல ஒண்ணையும் எழுதல. தெரிஞ்சா தூங்கமாட்டாங்க.

கடைசி வாரம், கிணத்துக்கடவுல இருந்து திரும்புறப்போ, உக்கடத்துக்கிட்ட டிரைவர் பிரேக்கைப் போட்டாரு. பொட்டி மடியில இருந்து பறந்து படிக்கட்டுல விழுந்துச்சு. உள்ள ஏதோ உடைஞ்ச சத்தம் அவனுக்கு நல்லாவே கேட்டுது.

சர்ட்டிபிகேட் போச்சு. ஆறு வாரமும் போச்சு.

ஒட்டவெக்க வழி உண்டான்னு நேரா பேரூருக்கு ஓடினான். சென்னியம்மாள் பொட்டியை ஆட்டிப் பாத்தாங்க. கடகடன்னுச்சு.

"இது நம்ம கைக்கு மீறினதுங்க கண்ணு. பீளமேட்டுல காட்டுங்க."

பீளமேட்டுல சென்னகேசவன் காதை வெச்சுக் கேட்டாரு. கண்ணாடியைக் கழட்டினாரு. திருமூர்த்தி அண்ணன்கிட்டயே சொல்லிருங்க தம்பி, நான் வாயத் தொறக்கல என்றார்.

காந்திபுரத்துல பஸ் மாறுறப்போ கைக்குழந்தையோட ஒரு குடும்பம் அவனை நிறுத்தி மருதமலைக்கு வழி கேட்டுது. எந்தப் பக்கம் நிக்கும், எந்த நேரம் உக்கார எடம் கிடைக்கும், அடிவாரத்துல எந்தக் கடையில மோர் நல்லாருக்கும், எல்லாத்தையும் சொன்னான். சொல்லிட்டுப் பொட்டியை அணைச்சுக்கிட்டு ஏறினான். இனிமே இந்த ஊரை எங்க பாக்கப் போறோம்னு ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே வந்தான்.

பட்டறையில முதலாளி இல்ல, உடுமலைக்குப் போயிருந்தாரு. ராசாத்தாள் அக்கா மட்டும் டம்ளர் கழுவிக்கிட்டிருந்தாங்க.

"அக்கா, உடைச்சிட்டேன்" என்றான்.

அக்கா கையைத் துடைச்சுட்டு வந்து, கட்டிங் பிளேயரால கம்பியை வெட்டினாங்க. அரக்கு தெறிச்சுது. மூடியைத் தொறந்தாங்க.

உள்ள ஒரு செங்கல்லு, ரெண்டா உடைஞ்சு கெடந்துச்சு. அது ஆடாம இருக்க ஓரத்துல ஒரு நீலக் கடுதாசி மடிச்சுச் சொருகியிருந்துச்சு. மேல அம்மாவோட கையெழுத்து.

ஆரோன் கல்லைப் பாத்தான், கடுதாசியைப் பாத்தான். கண்ணுல தண்ணி நிக்கல.

"செங்கல்லுக்கு ஏனுங் கண்ணு அழுகறீங்க?" என்றாங்க அக்கா. "'எம்மவன் கேட்டைத் தாண்டமாட்டேங்கான், என்னத்தையாவது சொல்லி ஊரைச் சுத்திக் காட்டுங்கய்யா'ன்னு உங்கம்மா எழுதுனதுக்கு, முதலாளிக்கு வேற ஒண்ணும் தோணலையாமா."