சாந்தினி பாடிய அன்று நாங்கள் பார்த்த மாடு

ஒருகாலத்தில் ஒரு வேலையை நன்றாகச் செய்துவிட்ட மனிதனைப் போல ஆபத்தானவன் உலகத்தில் இல்லை. ஒன்றும் தெரியாதவன் பிறரிடம் கேட்பான். முழுக்கத் தெரிந்தவன் சரியாகச் செய்வான். முன்பு தெரிந்திருந்தவன்தான் சொந்தபந்தத்தையெல்லாம் கூப்பிட்டுக் கதிரையில் இருத்திவைத்து மானத்தை வாங்குவான். நான் அந்த மூன்றாவது ரகம்.

ஹம்பேர்க்கில் எந்தத் தமிழ் வீட்டுப் பல்கணியில் டிஷ் பூட்டினாலும் அப்போதெல்லாம் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஜேர்மன் சானல்கள் வருகிற சற்றலைற் ஒன்று, தமிழ்ச் சானல்கள் வருகிற சற்றலைற் வேறொன்று. கடைக்காரன் பூட்டிவிட்டுப் போன டிஷ்ஷை நான் வந்து கொஞ்சம் மேற்கே தள்ளிவிட்டால் ஜேர்மன்காரர் மறைந்து எங்கள் ஆட்கள் தோன்றுவார்கள். உடனே தேத்தண்ணியும் வடையும் வரும். (அந்த வடைதான் என் தலைக்கு ஏறியிருக்க வேண்டும்.) பிறகு இணையப் பெட்டிகள் வந்தன. தமிழ்ச் சானல்கள் எல்லாம் அதற்குள் குடிபோய்விட்டன. என்னைக் கூப்பிட ஆளில்லை. எங்கள் வீட்டு டிஷ்ஷில் மகள் ஆரணி தன் சப்பாத்தைக் காயவைத்தாள்.

சில வருடங்களுக்கு முன் இந்த நிலைமையில்தான் என் மனைவி சாந்தினியைத் தேடி ரீவிக்காரர் வந்தார்கள். அவள் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறாள். அங்கே ஞாபகம் தப்பிப்போன பழைய கப்பல்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு, இந்தக் கரையோரத்துக் கிழவர்கள் பேசுகிற பழைய பேச்சில் ஒரு பாட்டுப் படிப்பாளாம். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாதவர்கள்கூட அதற்கு வாயசைப்பார்களாம். உள்ளூர்ச் சானல்காரர் கமராவோடு போய் அதைப் படம் பிடித்தார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஏழரைச் செய்தியில் வரும் என்றார்கள்.

வீட்டில் அவள் பாடி நான் கேட்டதே இல்லை. அதற்குக் காரணம் அவளுடைய அக்கா. அந்தக் குடும்பத்தின் பாட்டுக்காரி அக்காதான். கோயிலோ கலியாணமோ, மைக் இருந்தால் போதும். சின்ன வயதில் சாந்தினி வாயைத் திறந்தால், "நீ சும்மா இரடி, தகரத்தில தட்டின மாதிரிக் கிடக்கு" என்பாராம். இதை என் மனைவி எப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள். அந்தக் கிழமை சிரிக்காமல் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, அக்காவையும் அத்தானையும் பிறேமனில இருந்து வரச் சொல்லுவம். நான் படிக்கிறதை அவ எங்கட வீட்டில இருந்து பார்க்கவேணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

கலியாணம் கட்டிய நாள் முதல் அவள் என்னிடம் அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்டவள் அல்ல. அதனால் எனக்குப் பெரிய வேகம் வந்துவிட்டது.

"நெட்டில பார்க்கலாம் அப்பா. சிம்பிள்" என்றாள் ஆரணி.

"நெட்டில வாறது பிந்தி வரும். பக்கத்து வீட்டுக்காரன் பார்த்து முடிச்ச பிறகோ கொம்மாவை நாங்கள் பார்க்கிறது? டிஷ் இருக்கு. நான் இருக்கிறன். எச்.டி.யில, முகத்தில மயிர்கூடத் தெரியிற மாதிரிக் காட்டுறன்."

"அம்மாவுக்கு முகத்தில மயிர் இல்லை அப்பா."

வியாழக்கிழமை வேலையால் வந்ததும் கதிரை போட்டு ஏறினேன். சப்பாத்தை எடுத்து எறிந்துவிட்டு டிஷ்ஷைக் கிழக்கே திருப்பத் தொடங்கினேன். ஆரணி உள்ளே ரீவிக்கு முன்னால்.

"வருதோ?"

"இல்லை!"

"இப்ப?"

"இல்லை!"

"வடிவாப் பாரடி!"

"வந்தது அப்பா, நீங்கள் கத்தினதில போயிட்டுது!"

கடைசியில் வந்தே விட்டது. என்ன படம்! யாரோ ஓர் அம்மா கேக் செய்துகொண்டிருந்தா. மாவின் தூள்கூடத் தெரிந்தது. ஆனால் ரிசீவர் தேடிக் கொண்டுவந்த பட்டியலில் எங்கள் உள்ளூர்ச் சானல் ஒன்றுக்கு நாலாக இருந்தது. ஒன்றை அமத்தினேன், கேக் அம்மா. அடுத்ததை அமத்தினேன், அதே அம்மா, அதே கேக். நாலிலும் அவதான். பெயரின் வாலில் மட்டும் ஏதோ வேறு வேறு எழுத்துகள். எனக்கென்ன அதில்?

"இந்தச் சனியன் ஒண்டை நாலாப் பிடிச்சு வைச்சிருக்கு" என்று சொல்லி முதலாவதை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் அழித்தேன். வீடு கூட்டித் துடைத்த திருப்தி எனக்கு.

வெள்ளிக்கிழமை அக்கா பட்டுச்சேலையில் வந்தார். கூடவே அவருடைய மனுசன், என் சகலன். (சகலன் என்பவர் எங்கள் தோல்விகளைப் பார்ப்பதற்கென்றே கடவுள் படைத்த உறவு.) சாந்தினியும் சேலை உடுத்திருந்தாள். ரீவியில் தன்னைப் பார்க்கத் தானே வெளிக்கிட்டு இருந்தாள். றோல்ஸும் கட்லட்டும் மேசைக்கு வந்தன. நான் ஒரு சில்வர் சட்டியோடு எல்லோர் முன்னாலும் போனேன்.

"எல்லாரும் போனை இதுக்குள்ள போடுங்கோ. போன் இருந்தா எச்.டி. குழம்பும்."

"இது எந்தப் பள்ளிக்கூடத்தில படிச்சனீங்கள், சகலன்?" என்றார் அவர்.

"அனுபவம், அண்ணை" என்றேன். அடக் கடவுளே, அப்படித்தான் சொன்னேன். எல்லாப் போனையும் போட்டுச் சட்டியை மூடினேன்.

ஏழரை. இசை வந்தது. செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னார். முதலில் ஒரு பாலம் திருத்துகிறார்கள். பிறகு ஒரு மீன்பிடிச் சங்கம். பிறகு ஒரு மாடு.

"இப்ப வரும்" என்றேன்.

மாடு ஓர் அழகுப் போட்டியில் வென்றிருந்தது. அதைக் குளிப்பாட்டுகிறார்கள். வாலைச் சீவுகிறார்கள். சொந்தக்காரர் அதன் குணநலன்களை ஆறுதலாகச் சொல்கிறார்.

"எச்.டி. எண்டா எச்.டி.தான்" என்றார் சகலன். "மூக்கில ஈரம் தெரியுது. சாந்தினி எந்தப் பக்கத்தால வருவா? மாட்டுக்குப் பின்னாலயோ?"

அந்த நேரம் பார்த்துச் சட்டி நடுங்கத் தொடங்கியது. உள்ளே போன்கள் அதிர, மூடி கடகடவென்று ஆடியது. "பார்த்தியளோ, இதுதான் குழப்புது" என்று மூடியை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தேன். ரீவித் திரையின் மூலையில் இருந்த எழுத்துகளை ஆரணிதான் முதலில் பார்த்தாள்.

"அப்பா, இது ஹம்பேர்க் இல்லை. இது மெக்லென்பூர்க் மாநிலத்துச் செய்தி."

விசயம் இதுதான். அந்தச் சானல் நாலு மாநிலங்களுக்குப் பொது. பகல் முழுக்க நாலிலும் ஒரே நிகழ்ச்சி. ஏழரைக்கு மட்டும் பிரிந்து ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனிச் செய்தி போகும். இந்த ஊர்க் குழந்தைக்கும் இது தெரியும். வாழ்நாள் முழுக்க டிஷ்ஷை மற்றப் பக்கம் திருப்பி வைத்திருந்த எனக்குத் தெரியவில்லை. ஹம்பேர்க்கை நான்தான் வியாழக்கிழமை என் கையாலேயே அழித்திருந்தேன்.

"மற்றதை மாத்துங்கோ!" என்றார் அக்கா.

மாற்ற மற்றது இருந்தால்தானே? ரிசீவரை மறுபடி தேடவிட்டேன். அது முதல் சானலிலிருந்து ஆற அமரத் தேடியது. ஆரணி என் கையைத் தட்டிவிட்டுச் சட்டியைத் திறந்தாள். சாந்தினியோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் போன் எடுத்திருந்தார்கள், "பார்த்தோம், அழுதோம், எவ்வளவு அழகு" என்று எழுதியிருந்தார்கள். ஹம்பேர்க்கில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். பாடினவளின் வீட்டில் மட்டும் மாடு.

சாந்தினி சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு, "பரவாயில்லை, சாப்பிடுவம்" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் போதும் போல இருந்தது.

ஆரணி விடுவாளா? கொஞ்ச நேரத்தில் இணையத்தில் தேடிப் பிடித்துவிட்டாள். கையளவு போனைச் சுற்றி எல்லாத் தலைகளும் குவிந்தன. எனக்கு அங்கே நிற்க முகமில்லை. டிஷ்ஷைப் பார்க்கிற சாட்டில் பல்கணிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். கதவுக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு குரல் கேட்டது. என் மனைவியின் குரல்தான். தகரமாவது மண்ணாங்கட்டியாவது! எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பாட்டு முடிந்ததும் அக்கா சத்தமாக அழுதார்.

"எடியே, உன்னை வாய் திறக்க விடாமல் எல்லோ நான் வைச்சிருந்தனான்!"

நான் உள்ளே போனபோது போனை மூடிவிட்டார்கள். எனக்கும் காட்டு என்று கேட்க நா எழவில்லை. அடுத்த நாளும் எழவில்லை. பிறகு சானல்காரர் அதை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆரணி தன்னிடம் வைத்திருப்பாள்தான். அவளிடம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

இப்போது பிறந்தநாள், சாமத்தியவீடு எதுவென்றாலும் சாந்தினியைப் பாடச் சொல்கிறார்கள். அக்காதான் மைக்கைக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறார். முடிந்ததும் யாராவது புதிய ஆள் வந்து, "அக்கா, நீங்கள் ரீவியிலயும் வந்தனீங்களாமே?" என்று கேட்பார். சகலன் அதற்காகவே காத்திருப்பார். ஆனால் அவரை முந்திக்கொண்டு என் மனைவி, என்னைப் பார்க்காமலே, பதில் சொல்லிவிடுவாள்.

"ஓம், எல்லாரும் பார்த்தவை. என்ர மனுசன் மட்டும் மாடு பார்த்தவர்."