மூன்று கப் ரத்த ஓட்டக் கஷாயம்

வாய் நிறைய ரத்தம் வழியும்போதும் மனைவிக்குப் பயந்து பொய் சொன்னவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என் பாதங்கள் மரத்துப்போய்க்கொண்டிருந்த சமயம். ஆபீசில் பக்கத்து இருக்கையில் இருக்கும் சீன நண்பன் வெய், சீன மூலிகைக் கடையிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கிவந்து கொடுத்தான். குசும்பப் பூ, பீச் கொட்டைப் பருப்பு, பெயர் தெரியாத நாலைந்து வேர்கள். கொதிக்கவைத்துக் குடித்தால் ரத்தம் நன்றாக ஓடுமாம். தினம் ஒரு கப் போதும் என்றான். (ஒரு கப்பில் ஓடும் ரத்தம் மூன்று கப்பில் பறக்காதா?) மூன்று கப் குடித்தேன்.

என் மனைவி சுமதி பார்மசிஸ்ட். அவளைக் கேட்காமல் ஓர் இருமல் மிட்டாய்கூட என் வாய்க்குள் போகக்கூடாது. அதனால் கஷாயத்தை ஆபீஸ் கெட்டிலில் காய்ச்சி பிளாஸ்கில் ஊற்றி, 'பிளாக் காபி' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்க வேண்டிவந்தது. எங்கள் அமெரிக்க ஊரான ஃப்ரீமான்ட்டில் பல் டாக்டர் லீ, இங்கேயே பிறந்து வளர்ந்த சீன இளம்பெண். என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். தினமும் ஒரு சின்ன ஆஸ்பிரின் என்றேன். வேறு? சுமதி பக்கத்தில் நின்றிருந்தாள். வேறொன்றும் இல்லை என்றேன்.

பல் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. ரத்தம்தான் நிற்கவில்லை. பஞ்சுத்துணியை வைத்துக் கடிக்கச் சொன்னார். நனைந்தது. மாற்றினார். அதுவும் நனைந்தது. தையல் போட்டார். இடுக்கு வழியாகக் கசிந்தது. நாற்பது நிமிடம் ஆயிற்று. டாக்டரின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. இன்னும் பத்து நிமிடத்தில் நிற்காவிட்டால் எமர்ஜென்சிக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

"ஆஸ்பிரினுக்கு இவ்வளவு வராதே!" என்றாள் சுமதி. "ஏங்க, வேற ஏதாவது சாப்பிட்டீங்களா?"

தலையை இல்லையென்று ஆட்டினேன். ஆட்டிய வேகத்தில் தாடையிலிருந்து ஒரு சொட்டு அவள் கைமேல் விழுந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உயிர்ப்பயம் வந்தது.

வாயில் துணி அடைத்திருக்க, கைகளால் வாக்குமூலம் கொடுக்க ஆரம்பித்தேன். (போனில் டைப் பண்ணியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை.) காற்றில் பாத்திரம் வைத்துக் கரண்டியால் கிண்டினேன்.

"பசிக்குதா?"

பூவைத் தூவினேன்.

"ஐயோ, என்னங்க! கோயிலுக்கு வேண்டிக்கணுமா?"

என் பையைக் காட்டினேன். பிளாஸ்கை எடுத்துத் திறந்து முகர்ந்தாள். அடியில் கிடந்த பொட்டலத்தையும் எடுத்தாள். இரண்டையும் டாக்டரிடம் நீட்டினாள். திட்டியிருந்தால் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

பொட்டலத்தில் எல்லாம் சீன எழுத்து. அப்பாடா, டாக்டர் லீ படித்துவிடுவார் என்று நிமிர்ந்தேன். அவர் முகம் சிவந்தது. தனக்குப் பேசத்தான் வரும், படிக்க வராதாம். உடனே அம்மாவை வீடியோ காலில் அழைத்தார். அந்த அம்மா கண்ணாடி மாட்டிக்கொண்டு, சனிக்கிழமை சீனப் பள்ளிக்கு ஒழுங்காகப் போகாத மகளை முதலில் ஒரு பாட்டம் திட்டினார். (எங்கள் வீட்டுத் தமிழ்ப் பள்ளிச் சண்டையேதான், மொழிதான் வேறு.) பிறகு ஒவ்வொரு பெயராகப் படித்தார். எல்லாமே ரத்தத்தை உறையவிடாத சரக்காம். தினம் எத்தனை கப் என்று கேட்டார்.

மூன்று விரலை உயர்த்தினேன்.

போனில் ஓர் அலறல் கேட்டது. என்னவென்று டாக்டர் மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

காரணம் தெரிந்ததும் அவர் கை உறுதியானது. பல் பிடுங்கிய குழியில் ரத்தத்தை உறையவைக்கும் மருந்தை அடைத்து மறுபடி தைத்தார். இருபது நிமிடம் சுமதி என் கையை விடவே இல்லை. கடைசியில் எடுத்த துணி வெளிறிய ரோஸ் நிறத்தில் வந்தது. அவள் பெருமூச்சு விட்டாள். பிறகு கையை உதறிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் மகள் நிலா, "வாட் ஹாப்பெண்ட்?" என்று கேட்டாள். நான் காற்றில் கரண்டியால் கிண்டியதைச் சுமதி நடித்தே காட்டினாள்.

போன வாரம் சர்க்கரைப் பரிசோதனைக்கு முந்தைய நாள். "ஸ்வீட் ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று சுமதி கேட்டாள்.

"சேச்சே, இல்லையே."

நிலா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. ஒரு கையை மட்டும் உயர்த்தி, காற்றில் மெதுவாகக் கரண்டியால் கிண்டினாள்.

மைசூர்பாகு டப்பாவை நானே கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டேன்.