குழந்தைகள் இல்லாத ஊர்

“எங்க வீட்டுல சின்னப்பிள்ளைகளே கெடையாது” என்று வேலுத்தாய் சொன்னபோது, அவளுக்குப் பின்னால் சேலைத்தொட்டில் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

“அப்ப அந்தத் தொட்டிலு?” என்றாள் பைரோஜா.

“அது காத்துக்கு ஆடுது.”

மே மாதத்து உச்சிவேளை. ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கேயிருந்த அச்சிற்றூரில் வேம்பின் ஓர் இலைகூட அசையவில்லை.

பைரோஜா விருதுநகர் வற்றல் மண்டி முகைதீனின் மனைவி. பள்ளிப்படி ஏறுமுன்னே பிள்ளைகள் ஒரு படப்புத்தகத்தையேனும் தொட்டுப் பார்த்திருக்கவேண்டும் என்று, அவளுடைய மாதர் சங்கத்தார் ஐந்து வயது நிரம்பாதவர்க்கெல்லாம் புத்தகம் வழங்கிவந்தனர். புத்தகம் திரும்பி வந்தால் அந்த ஊருக்கு இனி இல்லை என்பது செயலாளரின் கட்டளை. இரண்டு தெருக்களைக் கடந்தும் பைரோஜாவின் பை இளைக்கவில்லை.

பட்டாசு ஆலைகள் சூழ்ந்த ஊரில், தோளில் பையோடு வந்து பிள்ளைகளின் வயதைக் கேட்பவர் சிறார் தொழிலாளரைத் தேடும் அதிகாரியாகத்தான் இருக்கமுடியும். இதைச் சற்றுத் தாமதமாக உணர்ந்த பைரோஜா, “நான் ஆபீசர் இல்லம்மா” என்றாள்.

“போன தடவ வந்தவுகளும் அதத்தான் சொன்னாக” என்று எதிர்வீட்டுப் பஞ்சம்மாள் கதவைச் சாத்தினாள். தெருவின் மற்றக் கதவுகளும் அவளைப் பின்பற்றின.

ஊரார் நம்பும் ஒருவரை அழைத்துவந்தால் நலமென்று, பைரோஜா பட்டாசுக் கம்பெனி போர்மேன் சுந்தரபாண்டியைக் கூட்டிவந்தாள். அவர் ஒரு குரல் கொடுத்தார். கதவுகள் திறந்தன, பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றனர். பைரோஜாவின் நெஞ்சு குளிர்ந்தது.

“இவளுக்கு வயசென்ன?” என்று, வேலுத்தாயின் பக்கத்தில் விரல் சூப்பிக்கொண்டிருந்த அவள் மகளைக் காட்டிக் கேட்டாள்.

பிள்ளைகளை ஆலையில் சேர்க்கும்போதெல்லாம் போர்மேன் முன்னிலையில் சொல்லிப் பழகிய விடையே வேலுத்தாயின் வாயில் வந்தது. “பதினஞ்சு முடிஞ்சிருச்சு.”

“இந்தப் பிள்ளைக்கா?”

“வளத்தி கொஞ்சம் கம்மி.”

அடுத்த பிள்ளைக்கும் பதினைந்து. பஞ்சம்மாளின் இடுப்பிலிருந்ததற்கும் பதினைந்து. அது அப்போதுதான் பால்குடித்து ஏப்பம் விட்டது.

“அஞ்சு வயசுக்குள்ள இருந்தாத்தான் புத்தகம். உண்மையச் சொல்லுங்க” என்று பைரோஜா மன்றாடினாள்.

உண்மையைச் சொன்னால் இவ்வளவு காலம் சொன்னது பொய்யாகிவிடும். கம்பெனியில் இருக்கும் மூத்த பிள்ளைகளின் வயதும் கூடவே ஆட்டங்காணும். தாய்மார் பிள்ளைகளை இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டனர். வேலுத்தாயின் மகள் மட்டும் புத்தக அட்டையிலிருந்த யானையை எட்டித் தொட்டாள். தாய் அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

சுந்தரபாண்டி தொண்டையைச் செருமினார். “எதுக்கும்மா வம்பு? இந்த ஊருல அஞ்சு வயசுக்குக் கீள ஆளே இல்லன்னு எளுதிட்டுப் போங்க.”

பைரோஜா அவ்வாறே எழுதினாள். இனி அந்த ஊருக்குப் புத்தகம் வராது. கனம் குறையாத பையோடு அவள் தான் வந்த வேனில் ஏறும்போது, வேலுத்தாய் மூச்சிரைக்க ஓடிவந்தாள். போர்மேன் கண்ணில் படாதவாறு வேனின் மறுபக்கம் ஒதுங்கி நின்று கை நீட்டினாள்.

“அக்கா, எனக்கொண்ணு குடுங்க.”

“மகளோட வயசச் சொல்லு, தாரேன்.”

“மகளுக்கில்லக்கா, எனக்குத்தான்” என்றாள் வேலுத்தாய். “எனக்கு அஞ்சு முடிஞ்ச மறுநாளே பதினஞ்சுன்னு சொல்லிக் கம்பெனில விட்டுட்டாக.”