வேம்புலி கொடுத்த ரத்தம்

"ரத்தமா? அதெல்லாம் இன்னிக்கு கெடையாது, போ நைனா!" என்று பொன்னியம்மா கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

அம்பத்தூரின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் வேம்புலிக்குத் திக்கென்றது. காயத்தில் சீழ் பிடித்து, விஷம் ரத்தத்தில் ஏறி, பிழைப்பதே சந்தேகம் என்று வந்து சேர்ந்தவள் பொன்னியம்மா. அந்த வார்டில் எல்லோருமே அப்படி வந்து தேறியவர்கள்தாம். பாதிப் பேருக்கு ஒரு ஆன்டிபயாடிக், மீதிப் பேருக்கு வேறொன்று என்று கொடுத்து, எது ரத்தத்தில் அழற்சியைச் சீக்கிரம் தணிக்கிறது என்று டாக்டர் சுசீலா ஒப்பிட்டு வந்தார். லீவு என்பதையே மறந்து அவர் செய்த ஆராய்ச்சி. ஒரு நாள் ரத்தம் தவறினாலும் ஒப்பீடு கெட்டுவிடும்.

"டாக்டரம்மா எல்லாம் சொல்லித்தானே சம்மதம் கேட்டாங்க? எந்த மருந்து ஒசத்தின்னு பாக்கறதுக்குத்தாம்மா."

"அப்ப எனுக்கு மட்டமானத குத்திட்டியா?"

பாடி தொழிற்சாலையில் கை நசுங்கி வந்த உலகநாதன் எதிர்க் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "இன்னாது, மட்டமா? எனுக்கும் வேணாம்பா!"

"ரெண்டுமே நல்ல மருந்துதான்!"

"ரெண்டும் நல்லதுன்னா எங்க ரத்தம் எதுக்குய்யா?"

வார்டு முழுக்கக் கைகள் போர்வைக்குள் போயின.

"கொஞ்சூண்டுதாம்மா. வலிக்கவே வலிக்காது," என்று கெஞ்சினான் வேம்புலி.

"வலிக்காதா? அப்ப நீ குடு பாப்போம்!" என்றாள் பொன்னியம்மா.

ஊரார் கையில் குத்தியே பழகிய வேம்புலிக்குத் தன் கையில் ஊசி என்றால் குலைநடுக்கம். ஆனாலும் டாக்டரின் உழைப்பு வீணாகக் கூடாது. நர்ஸ் ராணியிடம் கையை நீட்டிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"எடுத்தாச்சு. இப்ப குடுங்க."

"எடுத்துக்கினு போயி தொட்டியில ஊத்திடுவே. எங்களுது மாதிரியே டெஸ்ட் பண்ணி டாக்டரம்மாவாண்ட காட்டணும், ஆமா!" பொன்னியம்மா விடவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டான். எல்லாக் கைகளும் வெளியே வந்தன.

மதியம் டாக்டர் சுசீலா பதறிப்போய் வார்டுக்குள் வந்தார். "வேம்புலி, இந்த சி.ஆர்.பி. யாரோடது? அழற்சி அளவு இங்க இருக்கற எல்லாரையும்விட அதிகமா இருக்கு. எந்த பெட்?"

"பெட்ல இல்ல டாக்டர். உங்க முன்னாடிதான் நிக்கறேன்."

சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி, சீழ் கோத்துச் சிவந்திருந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது.

"இதோடயா வேலைக்கு வந்தே? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உன்னைத் தூக்கிட்டுத்தான் வந்திருப்பாங்க!"

கட்டியைக் கீறி, மருந்து ஏற்றி, அதே வார்டில் படுக்க வைத்தார்கள்.

மறுநாள் காலை ராணி ஊசியோடு வந்ததும் பொன்னியம்மா முதல் ஆளாகக் கையை நீட்டினாள். வேம்புலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதே கைய நேத்து நீட்டறதுக்கு இன்னா? டாக்டரம்மா ஆராய்ச்சியே நாசமாப் போயிருக்கும்!"

பொன்னியம்மா ஃபேனைப் பார்த்தாள். நேற்று முழுக்க வாயே திறக்காத பூந்தமல்லி ஹபிபுல்லா பாய், பக்கத்துக் கட்டிலிலிருந்து சிரித்தார்.

"அட போப்பா! காச்சல்ல நீ நடுங்கறத நாங்க பாத்துக்கினுதான் கீறோம். டாக்டராண்ட காட்டுன்னா ஊசிக்கு பயந்துகினு ஓடறே. உன் ரத்தத்த டெஸ்ட்டு பண்ண வைக்கத்தான் அந்தம்மா அந்த சண்டயே போட்டுச்சு!"