தவக்காலத்தில் கஸ்பரின் வயிறு

இந்தத் தவக்காலம் முழுக்க மச்சமாமிசம் தொடமாட்டேன் என்று கோயிலில் எழுந்து நின்று சொன்னவர் கஸ்பர். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். றொசல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கண்டாக்காக வேலையாட்களை மேய்ப்பவர். கூட்டத்தைக் கண்டால் வாய் சும்மா இருக்காது.

அந்த வாரமே கினிகத்தேனை டவுனில் மாட்டிறைச்சிக் கொத்துரொட்டி வாசம் அவரைக் கடைக்குள் இழுத்துப் போட்டது. அப்புறம் தினமும் சாயந்தரம் அங்கே ஆஜர். வீட்டுக்கு வந்தால் வயிற்றில் இடமிருக்காது.

"வயிறு அசையவே மாட்டேங்குது டெல்சி. மத்தியானம் தின்னதே அப்படியே நிக்குது" என்று தட்டைத் தள்ளிவிடுவார்.

மனைவி டெல்சி பதறிப்போனாள். 'விரதத்துல வயித்தையே கெடுத்துக்கிட்டாரு' என்று தோட்டமெல்லாம் சொல்லி அழுதாள். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவை சுமக்க இவரைவிடப் பொருத்தமான ஆள் உண்டா? ஃபாதர் கஸ்பரையே தெரிவு செய்துவிட்டார். கஸ்பருக்கு உள்ளுக்குள் கூசத்தான் செய்தது. கொத்தை மட்டும் விட முடியவில்லை.

டெல்சி விடாப்பிடியாகக் கூட்டிப்போன டொக்டர், கண்டியில் ஒரு வயிற்று ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தார். கண்டி பஸ்ஸில் டெல்சியிடம் மெதுவாகக் கேட்டார் கஸ்பர்.

"என்னா செய்வாங்களாம்?"

"மருந்து கலந்த முட்டை குடுத்து, கமராவுக்கு முன்னால நிப்பாட்டுவாங்களாம். வயித்துக்குள்ள இருக்கிறது எல்லாம் டீவியில தெரியுமாம்."

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

"போன வாரம் தின்னதுமா?"

"ஒங்களுக்குத்தான் அசையவே மாட்டேங்குதே. உள்ளதானே கெடக்கும்?"

கண்டிக்குப் போய்ச் சேரும்வரை கஸ்பருக்கு வேர்த்துக் கொட்டியது. ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டெல்சி, கோவிக்காத. கொத்து தின்னேன்."

"மரக்கறிக் கொத்துதானே?"

"மாடு."

"ஒருநாளா?"

"தெனமும். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்ச கையோடயும்."

அவள் டொக்டரின் துண்டை எடுத்து மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை. இவருக்காக அவளும் இத்தனை நாளாக வெறும் கஞ்சியோடு கிடந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

இருவரையும் உள்ளே கூப்பிட்டு முட்டையைக் கொடுத்த நர்ஸ், "பயப்படாதீங்க ஐயா. இந்த மருந்து போற வழி மட்டுந்தான் கமராவுல தெரியும். முந்தித் தின்னது எதுவும் தெரியாது" என்றாள்.

வாயருகே கொண்டுபோன முட்டை அப்படியே நின்றது. கஸ்பர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"நேத்து நான் போன்ல கேட்டப்பவும் மிஸ் இதத்தான் சொன்னாங்க" என்றாள் டெல்சி. "மொதல்ல நானும் நம்பிட்டேங்க. சட்டையத் தொவைக்கிறப்பதான் கொத்து வாசம் அடிச்சிச்சு. அத ஒங்க வாயாலயே கேக்கணும்னு இருந்தேன்."

மணிக்கொரு தடவை அவரைக் கமரா முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். பின்னேரம் படங்களைப் பார்த்த டொக்டர், வயிறு அருமையாக வேலை செய்கிறது, முட்டை நேரத்துக்கு இறங்கிவிட்டது என்றார்.

வெளியே வந்ததும் டெல்சி போனை எடுத்து ஃபாதருக்கு அடித்தாள். சொல்லிவிடாதே என்று கஸ்பர் கண்ணாலேயே கெஞ்சினார்.

"ஃபாதர், ஆண்டவர் புண்ணியத்துல இவரு வயித்துக்கு ஒன்னுமில்லையாம். சீக்காளின்னு சின்னச் சிலுவையா செய்யச் சொன்னீங்கல்ல? வேணாம் ஃபாதர், பெரிய சிலுவையே குடுங்க."