ஓபெலின் அத்தையின் அறை

அந்த வீட்டில் பேயைக் குடிவைத்தது ஆர்மான்தான். அதுவும் ஒரு திங்கட்கிழமை காலையில், காபி குடித்துக்கொண்டே.

"மாடியில பின்னறைப் பக்கம் போகாத, க்ளோடெட். ஓபெலின் அத்தை செத்தது அங்கதான். இன்னும் போகல."

"எங்க போகல?"

"மேல."

"பன்னெண்டு வருஷமாவா?"

"அவளுக்கு மூட்டுவலி. மெதுவாத்தான் போவா."

க்ளோடெட் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆர்மானுக்கு நெஞ்சு நிறைந்தது. முப்பது வருட தாம்பத்தியத்தில் அவன் சொன்னதை அவள் அப்படியே நம்பியது அதுதான் முதல் தடவை.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் வடகோடி. ஆற்றுக்கு அந்தக் கரை கனடா. நவம்பரில் பனிக்குள் போகும் மண், ஏப்ரலில்தான் வெளியே தலைகாட்டும். மர ஆலையை மூடியதிலிருந்து ஆர்மானுக்கு வேலை இல்லை. நிலவறைத் தொட்டியில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் கால்வாசிதான் மிச்சம். அதனால் சமையலறையைத் தவிர எல்லா அறைகளுக்கும் சூட்டை அடைத்தாயிற்று. க்ளோடெட் மூன்று ஸ்வெட்டருக்கு மேல் புருஷனின் வேட்டைக் கோட்டையும் மாட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்தாள்.

பின்னறையில் மட்டும் ஒரு சின்ன மின்சார ஹீட்டர் இருந்தது. அத்தையின் ஆடுநாற்காலி இருந்தது. ஹாக்கி வர்ணனை கேட்க, காதில் செருகிக்கொள்ளும் ரேடியோ இருந்தது. தினமும் மதியம் இரண்டு மணிக்கு ஆர்மான் ஜெபமாலையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, "அத்தை ஆன்மாவுக்கு வேண்டிட்டு வரேன்" என்று மாடி ஏறுவான். இறங்கும்போது கன்னம் இரண்டும் சிவந்திருக்கும்.

"என்னய்யா, முகம் இப்படி ஜொலிக்குது?"

"பக்தி."

டிசம்பரில் அவள் ஒரு தாளோடு வந்தாள்.

"எண்ணெய்க்கு அரசாங்கம் உதவி பண்ணுதாம். பக்கத்து வீட்டு மாடலினுக்குத் தொட்டியை நிரப்பிக் கொடுத்துட்டாங்க. நாமளும் எழுதிப் போடலாம்."

"நாம என்ன கையேந்துற குடும்பமா?"

"ஏந்துறதுக்கு விரல் மடங்கினாத்தானே? விறைச்சுப் போய்க் கிடக்கு."

"மானம்னு ஒண்ணு இருக்கு, க்ளோடெட்!"

மானம் ஒரு பக்கம் இருக்கட்டும். உதவி கேட்ட வீட்டுக்கு ஆய்வு செய்ய ஆள் வரும். வருகிற ஆள் எல்லாக் கதவையும் திறக்கும். அதைத்தான் அவன் தவிர்க்கப் பார்த்தான்.

அவள் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த வாரம் மடித்த தாள் ஒன்றை நீட்டினாள். "அத்தை சாந்திக்காக ஒரு பூசை வைக்கலாம். கீழ கையெழுத்துப் போடு." இல்லாத பேய்க்குப் பூசை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? வராத கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, தாளைப் பிரித்துப் பார்க்காமலே போட்டான்.

அதற்குப் பிறகுதான் பேய் வந்தது.

புதன்கிழமை இரண்டு மணிக்கு அவன் கதவைத் திறந்தபோது நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது. மெல்ல, யாரோ அப்போதுதான் எழுந்து போனது போல. உட்காரும் பலகையைத் தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது. ஹீட்டரைத் தொட்டான். சுட்டது. நேற்று அணைத்துவிட்டுப் போனது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பனி பூத்திருந்தது. நடுவில் மட்டும், உள்பக்கமிருந்து, முகம் வைத்துப் பார்க்கும் அளவுக்கு ஒரு வட்டம் துடைக்கப்பட்டிருந்தது.

வியாழக்கிழமை அறையில் ஒரு வாசனை. மூட்டுவலித் தைலம். அத்தை உயிரோடு இருந்தவரை அந்த வீடே அப்படித்தான் மணக்கும்.

வெள்ளிக்கிழமை அவன் முதல் படியில் காலை வைத்தான். மேலேயிருந்து முனகல் கேட்டது. உற்றுக் கேட்டான். முனகல் இல்லை, பாட்டு. கிழங்கு உரிக்கும்போது அத்தை மூக்கால் பாடும் பழைய மாதா பாட்டு.

"க்ளோடெட்!"

சமையலறையில் அவள் இல்லை. ஐந்து நிமிடம் கழித்துப் பின்வாசல் வழியாக வந்தாள்.

"கோழிக்குத் தீனி போடப் போனேன். ஏன்யா வெளுத்துப் போயிருக்க? இன்னிக்கு பக்தி இல்லையா?"

"முழங்கால் வலிக்குது. நாளைக்கு வேண்டிக்கறேன்."

அந்த நாளை வரவே இல்லை. மூன்று நாள் அவன் மாடிப் பக்கம் தலைவைக்கவில்லை. சமையலறையில் அடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். குளிர் எலும்பில் ஏறியது. தலைக்கு மேலே எப்போதாவது பலகை கிரீச்சிட்டது.

நான்காம் நாள் வாசலில் வண்டி நின்றது. டார்லா என்ற இளம்பெண் பெரிய விசிறி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எண்ணெய் உதவி ஆபீஸ்லேருந்து வரேன். வீட்ல குளிர் எங்கெங்க புகுதுன்னு பார்க்கணும்."

"உங்களை யார் கூப்பிட்டது?"

"நீங்கதான் சார். இதோ உங்க கையெழுத்து."

ஆர்மான் மனைவியைப் பார்த்தான்.

"பூசைத் தாளுக்குப் பதிலா இதைக் கொடுத்துட்டேன் போலிருக்கு. விரல் விறைச்சிருந்துச்சுல்ல" என்றாள் அவள்.

டார்லா முன்வாசலைச் சிவப்புத் துணியால் அடைத்து, நடுவில் விசிறியைப் பொருத்தினாள். அவள் பொருத்தி முடிப்பதற்குள் க்ளோடெட் கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வந்தாள். "வீட்டுக்குள்ள இருக்குற காத்தை வெளிய இழுப்பேன். ஓட்டை இருக்குற இடத்துலெல்லாம் குளிர் உள்ள வரும். கொஞ்சம் சத்தம் போடும், பயப்படாதீங்க."

விசிறி சுழன்றது. வீடு மூச்சு விடத் தொடங்கியது. சாவித் துவாரங்கள் விசிலடித்தன. மூடிய ஜன்னலில் திரைச்சீலை தானாக எழுந்து நின்றது. சுவரிலிருந்த ப்ளக் துளைகள் ஆர்மானின் பிடரியில் சில்லென்று ஊதின. மாடியில் ஏதோ ஒரு கதவு படாரென்று அறைந்து சாத்திக்கொண்டது. அவன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் மற்றொரு கையால் தேநீர் குடித்தாள்.

டார்லா ஒரு சின்னக் கேமராவைச் சுவர் சுவராகக் காட்டிக்கொண்டே படியேறினாள். "பாருங்க, எல்லாம் நீலம். நீலம்னா குளிர், சிவப்புன்னா சூடு. கூடம் நீலம், படுக்கையறை நீலம்..."

பின்னறைக் கதவு திரையில் மஞ்சளாக இருந்தது. அவள் திறந்தாள்.

காலி நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது. திரையில் அது காலியாக இல்லை. முதுகு, இடுப்பு, கைப்பிடியில் இரண்டு முழங்கை என்று செக்கச்செவேலென்று ஓர் உருவத்தின் தடம் பதிந்திருந்தது.

"இப்பத்தான் யாரோ எழுந்து போயிருக்காங்க" என்றாள் டார்லா.

ஆர்மான் அங்கேயே மண்டியிட்டான்.

"ஹீட்டர் என்னுது! ரேடியோ என்னுது! பேய்னு சொன்னது பொய்! ஆனா சத்தியமா மூணு நாளா நான் இங்க வரல! இது அத்தைதான்!"

டார்லா க்ளோடெட்டைப் பார்த்தாள். க்ளோடெட் நாற்காலி மெத்தைக்கு அடியில் கைவிட்டு, பாதி பின்னிய காலுறையையும் தைலக் குப்பியையும் எடுத்தாள்.

"எனக்கும் மூட்டுவலிதான்யா. நீ வெளிய பனி அள்ளப் போனா, நான் பின்படி வழியா இங்க வந்துடுவேன்."

"எப்பத்துலேருந்து... எப்படித் தெரியும்?"

"மொதப் பனி விழுந்த மறுநாளே. ரோட்டுல நின்னு என்னிக்காவது நம்ம கூரையைப் பார்த்தியா? ஊர்ல அத்தனை கூரையும் வெள்ளை. நம்மதுல பின்னறைக்கு மேல மட்டும் வழுக்கை. பனியை உருக்குற பேய் இந்த ஊர்ல நம்ம வீட்லதான் இருக்கு. பாதிரியார்கூட விசாரிச்சாரு."

டார்லா இருமிக்கொண்டு எழுதினாள். தொட்டி இந்த வாரமே நிரம்பும்; ஓட்டைகளை அடைக்க ஆட்கள் அடுத்த வாரம் வருவார்கள்; அதுவரை இந்த ஓர் அறையில் இருந்தால் போதும்.

அவள் போனதும் ஆர்மான் அசடு வழியச் சிரித்தான். "ரெண்டாவது நாற்காலியைத் தூக்கிட்டு வரவா? சேர்ந்தே உட்காரலாம்."

"தாராளமா வா." அவன் கீழே போய் நாற்காலியோடு படியேறும்போது அவள் அறை வாசலில் நின்றாள். "ஆனா ஒண்ணு சொல்லிடறேன். உட்கார்ந்தது நான். தைலம் என்னுது. கண்ணாடியைத் துடைச்சது நான்." க்ளோடெட் குரலைத் தணித்தாள். "அந்தப் பாட்டு மட்டும் நான் பாடல."

நாற்காலியோடு வந்தவன் நடுப்படியில் நின்றான்.

"எனக்கும் அத்தைக்கும் ஒத்துப்போச்சு, ஆர்மான். அவ பேரைச் சொல்லிப் பொய் சொன்னது யாருன்னுதான் கேட்டுட்டே இருக்கா."

கதவு மூடிக்கொண்டது.

நான்கு மணிக்கே வெளிச்சம் வடிந்துவிட்டது. சமையலறையில் ஆர்மான் வேட்டைக் கோட்டுக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தான். மேலே நாற்காலி ஆடியது. பாட்டு தொடங்கியது. ஒரு குரலா, இரண்டு குரலா என்று அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கோட்டுப் பையிலிருந்து ஜெபமாலையை எடுத்தான். அந்தக் குளிர்காலத்திலேயே முதல் தடவையாக, அதை நிஜமாகவே சொல்லத் தொடங்கினான்.