மூன்று கணினிகளும் கிளென்ஃபீல்ட் பஸ்ஸும்

சான்ட்ரிங்ஹாம், ஓக்லாந்து
ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்புக்குரிய மச்சான் விநாயகமூர்த்தி அவர்கட்கு,

தங்கள் நலத்தையும் மச்சாளின் நலத்தையும் முதற்கண் விசாரித்து, இங்கு நானும் உங்கள் தங்கை யோகராணியும் மகள் ராகவியும் குறையில்லாமல் இருக்கிறோம் என்று அறியத்தருகிறேன். வவுனியாவிலிருந்து கொழும்புக்கு ரயிலில் போய்வரும்போது வாசிக்கவும் இன்ரநெற் பார்க்கவும் எந்தச் சின்னக் கணினி நல்லது என்று கேட்டிருந்தீர்கள். இது வட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல. அதனால்தான் கடிதம். நீங்கள் சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். இந்த விடயத்தில் நான் ஆறு மாதம் கள ஆய்வு செய்தவன்.

காரணம் உங்கள் தங்கைதான். கிளென்ஃபீல்டில் உள்ள முதியோர் இல்லத்தில் அவள் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். அந்த இல்லத்தில் காலைப் பிரிவுக்குப் பொறுப்பாளர் வேலை ஒன்று வந்தது. அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். படிப்பு முழுவதும் இன்ரநெற்றில். தொண்ணூறாம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது பள்ளிக்கூடத்துக் கடைசிச் சோதனையான ஏ.எல். எழுதாமல் விட்டவள், ஐம்பத்துமூன்று வயதில், எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "நான் படிக்கப்போறன்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைப்பதற்காக, பஸ்ஸில் வைத்துப் படிக்க ஏற்ற கருவியைத் தெரிவுசெய்யும் பொறுப்பு என்னுடையது என்று அறிவித்துவிட்டேன்.

ராகவி பாட்டனி டவுன்ஸில் ஒரு கணினிக் கடையில் வேலை செய்வதால் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து தந்தாள். முதலில் வந்தது ஈ-ரீடர். அப்பளம் போல மெல்லிசு, வெயிலில் பிடித்தாலும் கடதாசியில் அச்சடித்தது போலத் தெளிவு, ஒருமுறை சார்ஜ் பண்ணினால் மூன்று கிழமைக்கு, இருபது நாளுக்கு மேல், காணும். பரிசோதிக்காமல் மனைவி கையில் கொடுக்கலாமா? நானே அதைத் தூக்கிக்கொண்டு கிளென்ஃபீல்ட் பஸ்ஸில் ஏறினேன். புத்தகம் வாசிக்க அதைப்போல வேறொன்று இல்லை, மச்சான். ஆனால் பாடத்தின் இணையப்பக்கத்தைத் திறக்கச் சொன்னால் திரை ஒருமுறை கறுத்து, ஒருமுறை வெளுத்து, யோசித்து, ஹார்பர் பாலத்தில் ஏறும்போது தட்டியதற்குப் பாலம் இறங்கி முடிந்த பிறகுதான் தலைப்பு வந்தது. அதுவும் கறுப்பு வெள்ளையில். நோயாளியின் தோல் சிவந்திருக்கிறதா என்று படத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லும் பாடத்துக்கு அது சரிவராது.

அடுத்தது டப்லெட். நிறம் என்றால் நிறம், வேகம் என்றால் வேகம். விரல் பட்டாலே ஓடுகிறது, அதுதான் வில்லங்கம். யோகராணி வேலையில் இருந்த நேரம், அவளுடைய பெயரில் அதைத் திறந்து, பஸ்ஸில் எங்கேயோ தட்டிவிட்டேன்; நேரடி வகுப்பு திறந்துகொண்டது, கமராவும் சேர்ந்து திறந்துகொண்டது, மடியில் வைத்திருந்ததால் என்னுடைய மூக்குத் துவாரமும் மீசையும் மட்டும் பதினொரு மாணவர்களுக்குத் தெரிந்திருக்கின்றன. ஆசிரியை மிகவும் அக்கறையாக, யோகராணி, உங்களுக்குச் சுகமில்லையா என்று விசாரித்தார். ஓம் என்று சொல்லவும் பயம், இல்லை என்று சொல்லவும் பயம். வயதானவர் விழுந்தால் முதலில் என்ன செய்யவேண்டும் என்று அவர் கேட்க, பக்கத்துச் சீற்றில் இருந்த அம்மா எட்டிப் பார்த்து, தூக்கவேண்டாம், முதலில் நோகுதா என்று கேளுங்கள் என்று சரியான பதிலைச் சொல்லிவிட்டார். உங்கள் தங்கைக்குப் பாராட்டுக் கிடைத்தது. அன்று பின்னேரம் ராகவி சொன்னது: "அப்பா, ப்ளீஸ். ஸ்டொப் ரெஸ்ரிங். பரிசோதனை போதும்."

நான் நிறுத்தவில்லை. மூன்றாவதாக, பள்ளிக் கொப்பி அளவில், விசைப்பலகையோடு மடிகிற சின்ன லப்டொப். இதில் கட்டுரை எழுதலாம், படம் பார்க்கலாம், பையிலும் அடங்கும். ஒரே குறை, பஸ் பிரேக் போட்ட நேரம் அது பின்பக்கமாக மடிந்து, திரை தலைகீழாகிவிட்டது. நிமிர்த்தத் தெரியாமல் நான் என் கழுத்தைத் திருப்பி வாசித்தேன். யாரோ எனக்கு ஏதோ வந்துவிட்டது என்று மணியடிக்க, சாரதி பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு எழும்பி வந்தார். இருந்தாலும் என் முடிவு இதுதான்: நீங்கள் வாங்கவேண்டியது மூன்றாவதுதான். ஏன் என்று சொல்கிறேன்.

கடைசிக் கட்டுரை அனுப்பவேண்டிய நாள். மதியம் பன்னிரண்டு மணிக்குள் போகவேண்டும், தவறினால் படிப்பு வீண். பதினொன்றரைக்கு எங்கள் வீதியைக் கிண்டியவர்கள் வயரை அறுத்துவிட்டார்கள், வீட்டில் இன்ரநெற் இல்லை. பிழை பார்த்து அனுப்பவென்று நான் கேட்டு வாங்கிய கட்டுரையின் பிரதி என் லப்டொப்பில் இருந்தது. யோகராணிக்குப் போன் எடுத்து விடயத்தைச் சொன்னேன். மணி என்ன என்று கேட்டாள். பிறகு, "அப்ப கெதியா ஓடுங்கோ" என்றாள். ஓடினேன், மச்சான். லப்டொப்பைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சான்ட்ரிங்ஹாம் றோட்டில் ஓடி, கல்யாணி என்ற தமிழ்நாட்டுப் பிள்ளை நடத்தும் சாப்பாட்டுக்கடைக்குள் புகுந்து, மூச்சு வாங்க வைஃபை கேட்டேன். கடவுச்சொல் மசாலாதோசை, ஆங்கில எழுத்தில் என்றார். தட்டினேன், பிழை என்றது. இன்னொருமுறை தட்டினேன், அதற்கும் பிழை என்றது. கல்யாணி மேசையில் இருந்த சாம்பார் வாளியை எட்டத் தள்ளி வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"சார், தோசைக்கு எதுக்கு டீ எச்? டாக்டருக்குப் போடுற டி போடுங்க."

யாழ்ப்பாணத்தார் தோசையை எழுதும் முறை வேறு என்று விளக்க நேரம் இல்லை. பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது கட்டுரை போனது. கல்யாணி எனக்குத் தண்ணீர் தந்தார்.

மூன்று கிழமைக்குப் பிறகு முடிவு வந்தது. ராகவிதான் வாசித்தாள். யோகராணி அடுப்பை நிறுத்தி, கையைத் துடைத்து, இன்னொருமுறை வாசிக்கச் சொன்னாள். அவள் சித்தியடைந்துவிட்டாள்; வெறும் சித்தி மட்டுமல்ல, சிறப்புச் சித்தி. பொறுப்பாளர் வேலை அடுத்த திங்கள் தொடங்குகிறது. நான் அழுதேன், இந்தமுறை மறைக்கவில்லை. அவள் அழவில்லை. "இதுக்கு மேல இன்னொரு லெவல் இருக்காம். அதையும் படிக்கப்போறன்" என்று சொல்லிவிட்டு அடுப்பை மூட்டினாள்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் ரயில் பயணங்கள் சுகமாகவும் சார்ஜ் குறையாமலும் அமைய எல்லாம் வல்ல முருகன் அருள்புரிவானாக.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மைத்துனர்
ஜெயரட்ணம்

பி.கு.: உறையை ஒட்டுமுன் இதை யோகராணிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்து முடியக் கொஞ்ச நேரம் எடுத்தது. மூன்று கருவியும் எப்போதும் என்னுடைய பரிசோதனையில் இருந்ததால் அவளுடைய கைக்கு ஒன்றும் வரவில்லையாம். பாடம் முழுவதையும் தன்னுடைய பழைய போனில்தான் படித்தாளாம். கடைசிக் கட்டுரையையும் நான் ஓடியதற்கு முதல் நாளே பஸ்ஸில் இருந்து அனுப்பிவிட்டாளாம். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் தள்ளிவிடுங்கள், மச்சான், ஒன்றும் வாங்கவேண்டாம். பிறகேன் என்னை ஓடச் சொன்னாய் என்று கேட்டேன். "டொக்டர் உங்களை நடக்கச் சொல்லி ரெண்டு வருசம். ஓட வெளிக்கிட்ட மனுசனை நான் ஏன் மறிக்கவேணும்?" என்கிறாள்.